நாலு ஏக்கர் கணக்கு

மலாக்காவின் ஜாசின் சந்தையில் ஒரு கிலோ சோயாப் பயறு வாங்கினேன். பால் காய்ச்சத்தான் வாங்கியது. அதில் ஒரு கைப்பிடியை எடுத்து வீட்டுப் பின்புறம் கொத்திவிட்ட தரையில் ஊன்றிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் முளைத்தது. முளைத்ததும் நாலாவது வாரமே பூத்துவிட்டது. செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. அதற்குள் மிளகுப் பருமனில் ஊதாப் பூ. செடிக்கு ஐந்தாறு காய் பிடித்தது. உலர்த்தி, உரித்து, முறத்தில் புடைத்து எடுத்தபோது மூன்று கைப்பிடி தேறியது. மூன்று மாதத்துக்கு மூன்று கைப்பிடி.

பக்கத்துக் கம்பத்தில் நாலு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இத வித்து எந்தக் கடன அடைக்கப் போற?"

அவருடைய கேள்வி கேலியாக வந்தாலும் நியாயமான கேள்வி. மலேசியாவில் தெம்பேயும் தௌஹுவும் சோயா பாலும் சாப்பிடாத வீடு அரிது. நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டில் சோயா இறைச்சிக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு 'மீல்மேக்கர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோழித் தீவனத்தில் பாதிக் கதை சோயாப் புண்ணாக்குதான். இவ்வளவு தேவை இருந்தும் இந்த நாடு சோயாவை ஏறக்குறைய முழுவதும் கப்பலில்தான் இறக்குகிறது. சிறுநிலக்காரர் ஒருவர் அதை இங்கே விளைவித்துப் பிழைக்க முடியுமா? முடியாதென்றால், தடுப்பது மண்ணா, மழையா, கணக்கா?

முதலில் என் கொல்லைப்புறத் தோல்வியை முடித்துவிடுகிறேன். சந்தைப் பயறு குளிர்நாட்டு ரகம், சமைப்பதற்கென்று வந்தது. வெக்கையிலும் ஈரத்திலும் சோயா விதை சீக்கிரம் உயிரை விட்டுவிடும், அதனால் முளைப்புக் குறைவு. சீக்கிரம் பூத்ததற்குக் காரணம் வேறு. 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். ஒரே சோயா ரகத்தைச் சில நாள் இடைவெளி விட்டு விட்டு விதைத்தாலும், முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. செடி தன் வயதைப் பார்த்துப் பூக்கவில்லை, பகல் நீளத்தைப் பார்த்துப் பூத்தது. பகல் குறுகினால் சோயாவுக்குப் பூக்கும் காலம் வந்துவிட்டதென்று பொருள். மலாக்கா இருப்பது நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகைக்குச் சற்று மேலே. வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே கால் மணி நேரம்தான் வித்தியாசம். எந்த மாதம் ஊன்றினாலும் அந்தச் செடிக்கு இலையுதிர் காலம்தான். வளர்வதற்கு முன் பூத்துவிடுகிறது.

இதற்கு மருந்து கண்டுபிடித்த நாடு பிரேசில். 1973இல் எம்பிராப்பா என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1975இல் லொண்ட்ரினாவில் சோயாவுக்கென்றே ஒரு மையம் வந்தது. குறுகிய பகலிலும் அவசரப்படாமல் உயரமாக வளரும் ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். செர்ராடோ என்னும் புல்வெளியின் புளிப்பு மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் நாடு அதுதான். எனவே வெப்ப மண்டலத்தில் சோயா வராது என்ற வாதம் செத்துப்போன வாதம். ஆனால் செர்ராடோவின் பண்ணைகள் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் கிடக்கின்றன. நாலு ஏக்கர்காரருக்கு அங்கே பாடம் ஏதுமில்லை. அவர் பார்க்க வேண்டிய ஊர்கள் இரண்டு: ஒன்று மத்தியப் பிரதேசத்து மால்வா, இன்னொன்று கடலுக்கு அப்பால் இருக்கும் ஜாவா.

மால்வா என்றால் இந்தூர், உஜ்ஜைன், தேவாஸ் பக்கத்துக் கரிசல் பூமி. 1960களுக்கு முன் அங்கே சோயாவைத் தெரிந்தவர்கள் குறைவு. மழைக்காலத்தில் அந்த மண் சேறாகிக் கிடக்கும். விவசாயி அதைத் தரிசாகப் போட்டுவிட்டு, தேங்கிய ஈரத்தை நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையோ கொண்டைக்கடலையோ போடுவார். ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் இலினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கொண்டுவந்த சோயா அந்த மழைக்காலத் தரிசில் நுழைந்தது. எந்தப் பயிரையும் அது வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. நிலம் ஏற்கெனவே சொந்தம், மாடும் ஆளும் வீட்டிலேயே சும்மா இருந்தார்கள், மழை வானத்துடையது. கிடைத்தது எதுவானாலும் உபரி.

ஜாவாவிலும் இதே கதைதான், வேறு உடையில். நெல் அறுத்த வயலில், தாள் நிற்கும்போதே, மிச்ச ஈரத்தில் சோயாவை ஊன்றுவார்கள். அடுத்த நெல்லுக்குத் தண்ணீர் வருவதற்குள் அறுத்துவிடுவார்கள். இந்தோனேசியாவின் சோயா விளைச்சல் 1992இல் 18 லட்சம் டன்னைத் தாண்டியது, அதுதான் உச்சம். 1998 நிதி நெருக்கடியில் பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மலிவான அமெரிக்கப் பயறு இறங்கியது, ஜாவாக்காரர் மெல்லக் கைவிட்டார். இப்போது தெம்பேயைப் பெற்றெடுத்த நாடே ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2012இல் பயறு விலை ஏறியபோது தெம்பே செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சில நாள் சோற்றுத் தட்டில் தெம்பே இல்லாமல் போனது.

இரண்டு ஊருக்கும் பொதுவானது என்ன? சோயா அங்கே சிறுநிலக்காரருக்குக் கட்டுபடியான இடமெல்லாம் காலியாகக் கிடந்த பருவம். அதற்கு வாடகையும் இல்லை, போட்டியும் இல்லை. வாடகை கணக்கில் ஏறியவுடன் அது தோற்கத் தொடங்குகிறது. கூலிக்கும் அப்படியே.

கூலி என்றதும் இந்தியாவின் ஆதரவு விலைக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு நேர்மையும் ஒரு வில்லங்கமும் சேர்ந்தே இருக்கின்றன. 2024-25 பருவத்துக்கு ஒரு குவிண்டால் சோயாவுக்கு மத்திய அரசு அறிவித்த விலை 4,892 ரூபாய். உற்பத்திச் செலவு 3,261 ரூபாய், அதற்கு மேல் 50 சதவீதம் என்பது கணக்கு. அந்தச் செலவில் விதை, உரம், டீசல், கொடுத்த கூலி எல்லாம் உண்டு. கொடுக்காத கூலியும், அதாவது வீட்டுக்காரர்கள் உழைத்த உழைப்புக்கு ஒரு மதிப்பும் உண்டு. சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் கிடையாது. கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் கேட்டது. எந்தச் செலவுக்கு மேல் என்ற சண்டை அன்றிலிருந்து ஓயவில்லை. வாடகையையும் வட்டியையும் சேர் என்கிறார்கள் விவசாயிகள். சேர்த்தால் சந்தை குலையும் என்கிறது அரசு.

2024 செப்டம்பரில் அறுவடை நெருங்கும்போது மத்தியப் பிரதேசச் சந்தைகளில் விலை ஆதரவு விலைக்குக் கீழேதான் கிடந்தது. குவிண்டாலுக்கு 6,000 கேட்டு டிராக்டர்களோடு தெருவுக்கு வந்தார்கள். ஒரு ஹெக்டேரில் 10 குவிண்டால் விளைந்து 4,200 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொண்டால், அரசு சொல்லும் செலவு போக நிற்பது 9,390 ரூபாய். ஒரு பருவம் முழுவதற்கும், இரண்டரை ஏக்கருக்கு. அதிலும் மழை ஒரு வாரம் தள்ளி வந்து காய் வெடித்தால் அதுவும் போயிற்று.

இனி மலாக்காவுக்குத் திரும்புவோம். இங்கே காலிப் பருவம் என்று ஒன்று இல்லை. மழை வருஷம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. காய் முற்றிக் காயும்போது வெயில் அடிக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. செம்பனையும் பால்மரமும் இருபத்தைந்து வருஷம் இடத்தைக் காலி செய்யாத குடித்தனக்காரர்கள். மண்ணோ செம்புறைக்கல் மண். மண்ணியலில் 'மலாக்கா வரிசை' என்றே ஒரு சரளை மண்ணுக்குப் பெயர். அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஆ ஃபமோசா கோட்டை வாசலில் போய்க் கையை வைத்தால் போதும். துருப் பிடித்தது போன்ற, ஓட்டை ஓட்டையான அந்தச் சிவப்புக் கல்லின் தம்பிதான் ஜாசின் மேட்டுக் காடுகளில் ஒரு அடிக்குக் கீழே மண்வெட்டியைத் தடுத்து 'டங்' என்கிறது. அதன் புளிப்பைத் தணிக்கச் சுண்ணாம்பு வேண்டும். சோயா வேருக்கு உரிய நுண்ணுயிரும் இங்கே இயல்பாக இராது, விதையோடு கலந்து விதைக்க வேண்டும்.

ஒரே ஒரு காலியிடம் உண்டு: மறுநடவு. கிழட்டு மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று ஊன்றினால், நிழல் கட்டும்வரை இரண்டு மூன்று வருஷம் வரிசைகளுக்கு நடுவே தரை திறந்து கிடக்கும். வருமானமும் அதே இரண்டு மூன்று வருஷம் நின்றுபோகும். ஊடுபயிர் என்ற பேச்சு வருவது அப்போதுதான்.

மலாக்காவுக்கு இது புதிய யோசனை இல்லை. இந்த நாட்டு ரப்பரே ஊடுபயிராகத்தான் நுழைந்தது. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி, பார்த்தவர் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துப் பைத்தியக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலம். 1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் அவர் பேச்சைக் கேட்டு நட்டார். பிறகு லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் ஆசாஹானில் பெரிதாக விரித்தார். அன்றைக்கு மலாக்காவில் மரவள்ளிதான் அரசன். சீன முதலாளிகள் காட்டை எரித்து மரவள்ளி போட்டு, மண் சத்து இழந்ததும் அடுத்த காட்டுக்குப் போவார்கள். ரப்பர் கன்று அந்த மரவள்ளிக்கு நடுவே நின்று வளர்ந்தது. பால் வரும்வரை கிழங்குதான் செலவுக்குக் காசு கொடுத்தது. 1910இல் இதே மலாக்காவில் சைம் டார்பி கம்பெனி தொடங்கியபோது, காத்திருக்கத் தெம்புள்ள முதல் லண்டனிலிருந்து வந்துவிட்டது. காத்திருக்கும் செலவைக் கிழங்கு கட்டிய காலம் அத்தோடு முடிந்தது.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நாம். புக்கிட் ஆசாஹான், டைமண்ட் ஜூபிலி, செர்க்காம், மெர்லிமாவ் என்று பெயர் சொன்னால் இன்றும் மலாக்காத் தமிழர் யாராவது ஒருவர் 'எங்க பாட்டி அங்கதான்' என்பார். பிரட்டுக்களம், கங்காணி, கிராணி, லயம் எல்லாம் தெரிந்த அந்த மக்களுக்கு நிலம் என்பது தெரியாத சொல் அல்ல, இல்லாத பொருள். லயத்துக்குப் பின்னாலும் கால்வாய் ஓரத்திலும் கீரை, மரவள்ளி, அவரைப் பந்தல் போட்டார்கள். காலி நிலத்தில் காலி நேரத்தில் செய்த விவசாயம். அந்தக் கொல்லையின் லாபத்தை யாரும் கணக்கு எழுதவில்லை. துரை எழுதாததற்குக் காரணம் உண்டு: கொல்லையில் கீரை விளைந்தால் சம்பளம் குறைவாக இருந்தாலும் வயிறு நிறையும். மலிவுக் கூலிக்கு மானியம் கொடுத்தது அந்தப் பாத்தி.

நிலம் கைமாறிய தருணம் ஒன்று வந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டு விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல்லை நம் பெரியவர்கள் இன்னும் பயத்தோடு சொல்வார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இன்றும் அந்தக் காலத்துக்கு முதன்மையான ஆவணம். ஒரு கூறு வாங்கக் கையில் காசு இருந்த தொழிலாளி அபூர்வம். ஆகவே சிறுதோட்டக்காரர்கள் பெருகிய அதே வேளையில் தமிழர் வேலையையும் லயத்தையும் இழந்தார்கள். நானிங் பக்கத்து வழக்காற்று நிலங்களோ மலாய்ச் சமூகத்துக்குள்ளேயே இருக்கும்படி சட்டம் ஏற்பாடு செய்தவை. 1960இல் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது துண்டாடலுக்குப் பதிலாகத்தான். முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது தொழிலாளியைப் பங்குதாரர் ஆக்கியது, குடியானவர் ஆக்கவில்லை. எந்த மரத்தை எப்போது சாய்ப்பது, நடுவில் என்ன போடுவது என்று தானே முடிவு செய்யும் பழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. என் அபிப்பிராயம் இது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அவருடைய நாலு ஏக்கரில் ஏறக்குறைய 220 மரம். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16 டன் குலை என்று நாட்டுச் சராசரியை ஒட்டி வைத்தால் 26 டன். கச்சா செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளி விற்கும்போது, எண்ணெய்ச் சத்து 20 சதவீதம் என்று கொண்டால், குலை டன்னுக்கு 800 வெள்ளி. ஆண்டு வரவு 20,800. அறுப்புக் கூலியும் லோரியும் டன்னுக்கு 110, முப்பது மூட்டை உரம் 3,000, களைக்கொல்லியும் நிலவரியும் ஓர் ஆயிரம் என்று போட்டால் செலவு ஏழாயிரத்தைத் தொடும். மிச்சம் மாதத்துக்கு 1,150 வெள்ளி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அறுப்பை அவரே செய்தாலும் எட்டாது. பத்து ஏக்கர் இருந்தால்தான் ஒரு குடும்பம் நிமிரும். அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான ஃபெல்டா தன் குடியேறிகளுக்கு அந்த அளவை ஒட்டி நிலம் வகுத்தது காரணமில்லாமல் அல்ல.

இப்போது சோயாவை அந்தத் தராசில் போடுங்கள். நல்ல வெப்பமண்டல ரகம், ஹெக்டேருக்கு ஒன்றரை டன் என்றே தாராளமாக வைப்போம். அப்படியானால் ஏக்கருக்கு 600 கிலோ. சிகாகோவில் 27 கிலோ கொண்ட புஷல் பத்து டாலரை ஒட்டி விற்கும்போது, கப்பல் செலவு சேர்த்து இங்கே கிலோ 2 வெள்ளிதான் பெறும். அறுவடை 1,200 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளத்தில் அது பதினெட்டு நாள் கூலி. கொத்தி, விதைத்து, இரண்டு முறை களை பிடுங்கி, அறுத்து, அடித்துப் புடைக்கப் பதினெட்டு நாள் போதுமா என்று களை பிடுங்கியவர்களைக் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தாலும் 2,400. அதே ஏக்கர் செம்பனையின் வரவு 5,200. தோட்டக் கம்பெனிகள் மறுநடவில் அவரை இனத்தைச் சேர்ந்த மூடுகொடிகளைத்தான் படர விடுகின்றன. சோயா மண்ணுக்குச் செய்யும் தழைச்சத்து உதவியை அவை அறுவடை வேலை வைக்காமலே செய்துவிடும். சோயாவில் காசு பார்ப்பவர் விதைப்பவர் அல்ல. ஒரு கிலோ பயறு ஊறி, வெந்து, பூஞ்சை கட்டி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தெம்பே ஆகும். தண்ணீரும் எடையாக விலைபோகும். சந்தையில் தெம்பே விற்கும் மலாய் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த பொருளாதாரம் அது.

ஆனாலும் அண்ணன் சோயாக்காரர்தான், அவருக்குத் தெரியாமலே. சமையல் எண்ணெய்ச் சந்தையில் செம்பனையும் சோயாவும் ஒரே நுகத்தடி மாடுகள். ஒன்று விலை ஏறினால் வாங்குபவர் மற்றதற்குத் தாவுவார். 1980களின் பிற்பாதியில் அமெரிக்கச் சோயா விவசாயிகள் சங்கம் வெப்பமண்டல எண்ணெய் இதயத்துக்கு ஆகாது என்று பிரசாரம் நடத்தியபோது கோலாலம்பூர் பதறியது அதனால்தான். இதைவிடக் கூர்மையான உதாரணம் 2024இல் நடந்தது. மால்வாக்காரர் டிராக்டரோடு தெருவுக்கு வந்த அதே செப்டம்பரில், அவர் விலையைத் தூக்கிவிட இந்திய அரசு கச்சா சமையல் எண்ணெய்களின் இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கியது. அடுத்த ஜனவரியில், சோயா எண்ணெயைவிடச் செம்பனை எண்ணெய் விலை கூடியிருந்ததும் சேர்ந்துகொள்ள, இந்தியாவின் செம்பனை எண்ணெய் இறக்குமதி பத்தாண்டுக்கும் மேலாகக் காணாத அளவுக்கு விழுந்தது. 2025 மே மாதக் கடைசியில் வரி 16.5 ஆக இறங்கியது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கும் அக்காவுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது; மானியம் நடுவில் நிற்கிறது. அண்ணனுக்கு நடுவில் யாரும் இல்லை. 2019இல் கச்சா செம்பனை எண்ணெயின் ஆண்டுச் சராசரி 2,079 வெள்ளி. 2022இல் 5,000க்கு மேல். முன்னதில், மேலே போட்ட செலவுக் கணக்குப்படி, அவருடைய நாலு ஏக்கர் மாதம் முந்நூறு வெள்ளியைச் சற்றுத் தாண்டித்தான் மிச்சம் வைத்திருக்கும். பின்னதில் கைநிறைய வந்தது, உர மூட்டையும் இரட்டிப்பு விலைக்கு ஏறியது.

போன மாதம் அவரோடு குலை எடை போடும் மேடைக்குப் போயிருந்தேன். லோரி தராசில் ஏறி இறங்கியது. பையன் ஒருவன் கொக்கியால் குலைகளைப் புரட்டி, காயாக இருந்த இரண்டை ஓரமாகத் தள்ளினான். எடைச்சீட்டில் டன், கழிவு, அன்றைய விலை. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தரையில் சிதறிய உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். அரை வாளி சேர்ந்தது.

மரத்துக்கு இருபத்தேழு வயது. நீட்டிய கம்பும் குலைக்கு எட்டுவதில்லை. மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். மறுநடவு செய்தால் மூன்று வருஷம் சீட்டு இல்லை. நடுவில் என்ன போடலாம் என்று கேட்டேன். மூவாரில் இருந்து ஒரு கோஷ்டி வந்து பார்த்ததாம். தரையை ஒரு வருஷம் குத்தகைக்குக் கொடுத்தால் அவர்களே உழுது, அவர்களே தர்ப்பூசணி போட்டு, அவர்களே லோரி ஏற்றிக்கொள்வார்கள். காசு முன்பணம்.

"நீ அந்த மூணு கைப்பிடிய என்ன பண்ணுன?" என்றார்.

ஊறப் போட்டிருந்தேன்.